மாமி கண்ட பாம்பு

களுதாவளையில் சொந்தக்காரர் ஒருவரின் வீடு குடிபூரல். ஞாயிறு காலை ஆறரைக்கே பலகாரப் பெட்டி, பட்டுச்சேலை உடுத்த மனைவி, மாமி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணினேன். பொனட்டுக்குள்ளிருந்து ‘உஸ்ஸ்ஸ்’ என்றது.

உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தம் ஒரு மாதமாகவே இருந்தது. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் போய்விடும். வாகனப் பராமரிப்பில் எனக்குத் தெரிந்ததில் பாதி அதுதான்.

“மருமகன், நிப்பாட்டுங்க! உள்ளுக்கு பாம்பு கிடக்கு.”

“இந்தச் சூட்டுக்குள்ள பாம்பு இருக்குமா மாமி?”

“ராவு மழை பெய்ஞ்சதே. ஒதுங்கியிருக்கும்.”

மழை பெய்தது உண்மை என்பதால் என்னிடம் பதில் இல்லை. மாமி இறங்கிப் போய் மதிலுக்கு அப்பால் ஒரு குரல் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் தென்னைமட்டையோடு ஒருவர், உலக்கையோடு ஒருவர், வெறுங்கையோடு ஆலோசனை சொல்ல நாலு பேர். பொனட்டைத் திறந்தோம். பாம்பு இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

ஓட்டோ ஓடும் தம்பி, “ரேடியேட்டர்தான் அண்ணன், மூடியைக் கழட்டிப் பார்ப்பம்” என்று கையை வைத்தார். அதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. அந்த நேரம் மூடியைத் திருகினால் அமுக்கத்தில் நிற்கும் கொதிதண்ணீர் முகத்துக்கே பாயும். அவர் கையைப் பிடித்து இழுத்ததுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

அடுத்து, முன்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். டயர் பஞ்சர் பார்ப்பதுபோல சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் காற்றுப் போகும் இடத்தில் குமிழி வரும் என்றார். ஒரு கோப்பைத் தண்ணீரை எல்லாக் குழாய்களிலும் தெளித்தோம். ஒரு குமிழியும் வரவில்லை. “லீக் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கோப்பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மனைவியும் மாமியும் பலகாரப் பெட்டியோடு பஸ் ஏறினார்கள். நான் மெதுவாகக் காத்தான்குடிக்கு விட்டேன். அங்கே எனக்குத் தெரிந்த கராஜ் வெள்ளிக்கிழமைதான் பூட்டு.

கராஜ்காரரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். அவர் முதலில் பொனட்டைப் பார்க்கவில்லை, நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று என்று காட்டும் முள்ளைப் பார்த்தார். சும்மா நிற்கும்போது 700, 800க்குள் நிற்க வேண்டிய முள் 1200இல் நின்றது. பிறகு மூன்றடி நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்தார். மறுமுனையை, காற்றாடிப் பக்கம் போகாமல், எஞ்சின் மேலே அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

எனக்கு உடனே பழைய கல்லடிப் பாலம் ஞாபகம் வந்தது. 1924இல் திறந்த அந்தப் பாலத்தடிக்குப் பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள். நானும் ஒருதரம் இரண்டு மணித்தியாலம் காதை வைத்திருந்தேன். பாடியது நுளம்பு மட்டும்தான்.

காக்காவுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. எஞ்சினுக்குப் பின்னால், பிரேக் மிதிக்கக் காலுக்குக் கைகொடுக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த குழாயின் முனையில், கிளிப்புக்குக் கீழே ஒரு வெடிப்பு. பெருவிரலால் அதை அமத்தினார். சீறல் நின்றது. முள் மெல்ல இறங்கியது. விரலை எடுத்தார், திரும்பவும் ‘உஸ்ஸ்’.

“பிரேக் கல்லு மாதிரி இருக்கல்லியா தம்பி?”

இருந்தது. எனக்குத்தான் வயது போய்க் காலில் பலம் குறைகிறது என்று நினைத்து, இரண்டு கிழமையாகக் காலையில் ஊறவைத்த உழுந்து தின்றுகொண்டிருந்தேன்.

சவர்க்காரக் கதையைச் சொன்னதும் சிரித்தார். “டயர் காத்தை வெளிய விடும், குமிழி வரும். எஞ்சின் காத்தை உள்ளுக்கு உறிஞ்சும். அந்த இழுப்புலதான் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யுது. நீங்க தெளிச்ச தண்ணியை அது குடிச்சிருக்கும்.”

முனைதானே வெடித்திருக்கிறது, அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டலாமே என்றேன். ரப்பர் முழுக்கச் சூட்டில் காய்ந்து போயிருந்தது. வளைத்துக் காட்டினார், இன்னும் இரண்டு இடத்தில் பிளந்தது. “பிரேக் பைப்புல ஒட்டு வேலை நான் செய்யமாட்டன்” என்றார். புதுக் குழாய், புதுக் கிளிப், அரை மணித்தியாலம். பிரேக்கை மிதித்தேன், வெண்ணெய்.

பழைய குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னேரம் மாமி வந்ததும் முன் மேசையில் நீட்டி வைத்து, “இதுதான் மாமி உங்கட பாம்பு” என்றேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கறுத்து வெடித்துக் கிடந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கழட்டிப்போட்ட சட்டையெல்லோ. பாம்பு எங்க?”