ஐப்பசியில் ஒரு நீராத் தோப்பு

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை ஆனைமலைப் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்புக்குப் போனோம், நீரா குடிக்கத்தான். தென்னம்பாளையில் வடியும் புளிக்காத இனிப்புச் சாறுதான் நீரா. ஆப்பிள் தோட்டத்தில் சைடர் குடித்த படங்களை இங்கிலாந்திலிருந்து தங்கை அனுப்பியிருந்தாள். பார்த்ததும் நம்மூர் மரத்துச் சாற்றின் நினைப்பு வந்துவிட்டது.

நீரா இறக்குவது பொறுமை வேலை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சில நாட்கள் மெல்லத் தட்டிப் பழக்கி, நுனியை மெல்லிசாகச் சீவுகிறார்கள். சொட்டுச் சொட்டாக வடிவதை ஐஸ் வைத்த பெட்டியில் பிடிக்கிறார்கள். குளிர் விட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. எல்லையிலிருக்கும் கோபாலபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள்ளுக்கடை உண்டு. அதே தென்னை, அதே பாளை. நம் தோப்புக்காரர்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

"குளுமை போறதுக்குள்ள குடிச்சிரு கண்ணு" என்று சித்தப்பா டம்ளரை நீட்டினார். லேசாகக் கலங்கிய நிறம், திகட்டாத இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு பூ வாசம். மகள் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மதியம் சின்னம்மா அரிசியும் பருப்புஞ்சாதம் ஆக்கியிருந்தார். தோப்பில் அறுத்த வாழையிலை, சூட்டோடு நெய், அப்புறம் கெட்டித் தயிர். வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது நீராவைக் காய்ச்சி எடுத்த சர்க்கரை ஒரு பொட்டலம் கொடுத்தார். இன்று காலைக் காபிக்கு அதைத்தான் போட்டேன்.