காய்ச்சல் விட்டதும்தான் டிங்கியில் கவனம் வேண்டும்

"காய்ச்சல் விட்டிருச்சு, நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்." கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் டிங்கி கண்டவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஆபத்து தொடங்குவதே அந்த நாளில்தான்.

காய்ச்சல் கண்ட தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் சூடு இறங்கும். அதே சமயம் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கலாம். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். வெளியே பார்த்தால் ஆள் தேறிவிட்டதுபோல இருக்கும்.

இரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் எல்லாரும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எவ்வளவு என்றே கேட்கிறார்கள். அதே தாளில் ஹெமட்டோகிரிட் என்று இன்னோர் எண் இருக்கும்; இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பது அது. கசிவைக் காட்டிக்கொடுப்பது அதுதான். முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த அளவைவிட 20 விழுக்காடு ஏறினால் இரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பொருள். ஒப்பிட ஒரு பழைய எண் வேண்டுமே, அதற்காகத்தான் தொடக்கத்திலேயே இரத்தம் எடுக்கிறார்கள். நண்டு சூப்போ பப்பாளி இலைச் சாறோ இந்தக் கசிவை அடைக்காது. கசப்பு தாங்காமல் வாந்தி எடுத்தால் உள்ளே இருந்த நீரும் போய்விடும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் மேல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 100/80 பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டிங்கி நோயாளிக்கு இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 20க்குக் குறுகினால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத ஆபத்து.

விடாத வயிற்றுவலி, ஒரு நாளில் மூன்று முறை வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஆள் சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது: இதில் ஒன்று இருந்தாலும் மறுநாள் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், நீரிழிவுக்காரர் என்றால் அறிகுறி வரும்வரைகூடப் பொறுக்க வேண்டாம். டிங்கி என்று சந்தேகம் வந்ததுமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில்; நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருப்பதால் கணக்கு தெரியாமலே ஏறிவிடும். உடம்புவலி தாங்கவில்லை என்று போன்ஸ்டான், வோல்டரென், புரூஃபன் பக்கம் போகாதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கஞ்சி, பழச்சாறு, உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கை கால் சில்லிட்டு வியர்த்தாலோ, மயங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ 999. புளோக், மாடி, லிஃப்ட் ஓடுகிறதா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவரைக் கீழே காவலர் சாவடியில் நிற்க வையுங்கள்.