பிரிட்டனுக்குப் போகும் வேலூர் நாய்க்கு ஒரு சொல்

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ நாயைக் கூப்பிட்டு வரவழைக்கும் தேவை பெரும்பாலும் வருவதில்லை. காலையில் கேட்டைத் திறந்துவிட்டால் தெருமுனைவரை போய்ச் சுற்றிவிட்டு, சோற்று நேரத்துக்குத் தானே வாசலில் வந்து நிற்கும். தெருவின் வாசனை அதற்கு மனப்பாடம். அதைப் பார்த்து, "நம்ம நாய் சொன்னா கேக்கும்" என்று நம்பி, பிரிட்டனில் பூங்காவுக்குள் போனதும் கயிற்றைக் கழற்றிவிடுவதுதான் ஆபத்து. அங்கே அதற்குத் தெரிந்த தெரு கிடையாது. தெரிந்தது உங்கள் குரல் மட்டும்.

கூப்பிட்டதும் வரப் பழக்குவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு நாயைக் கொண்டுபோக, முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து, ஊசி பலித்ததா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை. அதில் தேறினாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக நான்கு மாதத்துக்கு மேல் நாய் வேலூரில்தான் இருக்கப்போகிறது.

முதல் வேலை, சொல்லைத் தேர்ந்தெடுப்பது. பெயர் வேண்டாம், "வா"வும் வேண்டாம். இரண்டும் நாள் முழுக்க வீட்டில் காதில் விழுந்து தேய்ந்துபோனவை. "ஓடியா" நல்ல சொல்: நீட்டிக் கூப்பிட வாகாக "யா"வில் முடிகிறது, அங்கே பூங்காவில் வேறு யாரும் கத்தப்போவதில்லை. குடும்பம் முன்னால் போய், நாய் தாத்தா பாட்டியிடம் இருந்தால், அவர்களும் இதையேதான் சொல்ல வேண்டும்.

எலும்பில்லாத கோழிக்கறியை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்துப் பட்டாணி அளவில் நறுக்குங்கள். 100 கிராம் மூன்று நாளுக்கு வரும். அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துவிடுங்கள். ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சியதைப் போடவே கூடாது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும், வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

முதல் வாரம், நாய் பக்கத்தில் இருக்கும்போதே ஒரே ஒரு முறை "ஓடியா" என்று சொல்லி, மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை போதும். அது வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சத்தம் வந்தால் கறி வரும் என்று பதிந்தால் சரி. இரண்டாம் வாரம் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுங்கள், பிறகு கைப்பிடிச் சுவர் உள்ள மொட்டை மாடியில். வந்ததும் முதலில் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் கறி. இதை விட்டால், கறியைக் கவ்விக்கொண்டு கைக்கு எட்டாமல் விலகி நிற்கப் பழகிவிடும்.

அடுத்து வெளியே. பாலாற்று மணல் காலை ஆறு மணிக்கு அருமையான இடம். ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள், மணல் பாதத்தைச் சுடும். 10 மீட்டர் கயிறு வேண்டும். அதைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். ஓடும் வேகத்தில் கயிறு இழுத்து நின்றால் கழுத்துக்கு ஆகாது. கூப்பிட்டும் வராவிட்டால் திரும்பச் சொல்லாதீர்கள். நான்கு முறை சொன்னால், நான்காவது முறைக்குத்தான் வரவேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். எதிர்ப்பக்கமாக நீங்கள் ஓடுங்கள், துரத்தி வரும். அதற்கும் அசையாவிட்டால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நடந்துபோய் அழைத்து வாருங்கள். அடுத்த முறை பாதித் தூரத்திலிருந்து கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் சொல்லைக் கெடுப்பது நாம்தான். குளிப்பாட்ட, உண்ணி பிடுங்க, மருந்து ஊற்ற, விளையாட்டை முடித்து வீட்டுக்கு இழுத்துப்போக "ஓடியா" என்று கூப்பிடுவது. தாமதமாக வந்ததற்குத் திட்டுவது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை கறி கொடுத்துத் திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். ஓடுகிற எதையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனங்கள் அவை; ஓட ஆரம்பித்த பிறகு காது கேட்காது. காது நிமிர்ந்து உடல் இறுகும் அந்த ஒரு நொடிதான் கூப்பிட வேண்டிய நேரம்.

பிரிட்டன் போய் இறங்கியதும் எல்லாவற்றையும் கூடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பாலாற்றில் கற்றது அங்கே தானாக வந்துவிடாது. அந்த ஊர் நரி, முயல், அணில் வாசனை எல்லாமே புதிது. முதல் இரண்டு மாதம் நீளக் கயிறு இல்லாமல் விடவே வேண்டாம். ஆடு மேயும் நிலத்தில் எவ்வளவு பழகிய நாயானாலும் குட்டைக் கயிறுதான். ஆட்டைத் துரத்துவது அங்கே குற்றம். வேறு வழியில்லாதபோது விவசாயி சுட்டாலும் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். இங்கிலாந்தில், மக்கள் நடக்கத் திறந்துவிட்ட மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிறு கட்டாயம், பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம் அது. கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் அங்குள்ள முகவரியும் இருக்க வேண்டும். மைக்ரோசிப் எண்ணையும் அந்நாட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், பட்டையில் ஒரு சிறு விளக்கு மாட்டுங்கள்.

கொஞ்ச நாளில் பிள்ளைகள் "கம் ஹியர்" என்று கூப்பிடத் தொடங்குவார்கள். விடாதீர்கள். வீட்டில் எந்த மொழி பேசினாலும் நாய்க்கு அந்த ஒரு சொல் எல்லார் வாயிலும் "ஓடியா"வாகவே இருக்கட்டும். கோடையில் வேலூரிலிருந்து வந்து தங்கும் பாட்டி கூப்பிட்டாலும் அது ஓடிவர வேண்டுமே.