மியூர் வுட்ஸில் ஒரு மைல் நடை

சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் பலரும் கோல்டன் கேட் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாலத்தைத் தாண்டி வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் மியூர் வுட்ஸ் வந்துவிடும், ரெட்வுட் என்னும் வானுயர்ந்த மரங்கள் நிற்கும் காடு. வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம், 2018 முதல் இப்படித்தான். அங்கே போன் சிக்னல் கிடையாது, அதனால் டிக்கெட்டை வீட்டிலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து கிளைகளில் தங்கிச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மழையே இல்லாத கோடையில் இந்த மரங்களுக்கு அதுவும் ஒரு தண்ணீர்.

அத்தைக்கு முட்டி வலி, மகளுக்கு ஐந்து வயது. ஓடையை ஒட்டிப் பாதை சமதளமாக, பாதி தூரம் பலகை போட்டு இருப்பதால் இருவருக்கும் சிரமம் இல்லை. இரண்டாம் பாலத்தில் கடந்து திரும்பினால் அரை மைல், மூன்றாம் பாலம் என்றால் ஒரு மைல், நான்காம் பாலம் என்றால் இரண்டு மைல். நாங்கள் மூன்றாம் பாலத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இங்கே மிக உயரமான ரெட்வுட் சுமார் 258 அடி. பெரும்பாலான மரங்களுக்கு 600 முதல் 800 வயது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள், எனக்கு என்னவோ அடிமரம்தான் சுவாரசியம். சில இடங்களில் ஐந்தாறு மரங்கள் வட்டமாக நிற்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. ஒரு காலத்தில் அந்த நடுவில் தாய்மரம் இருந்திருக்கிறது. அது விழுந்தோ எரிந்தோ போனாலும் அதன் அடியைச் சுற்றி வெடித்த துளிர்கள், அதே வேரிலிருந்து உறிஞ்சிக்கொண்டு வளர்ந்து இத்தனை பெரிதாகிவிட்டன. ரெட்வுட் விதை தக்காளி விதை அளவுதான், அதிலிருந்து முளைத்துப் பிழைப்பது கஷ்டம், துளிருக்கு அந்தக் கவலை இல்லை. நான் இதை விளக்கி முடிப்பதற்குள் அத்தை, "வாழை மாதிரின்னு சொல்லேன், இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார்.

மகளுக்கு அந்த வட்டத்துக்குள் போய் நிற்க ஆசை. விடவில்லை. இவ்வளவு உயர மரத்துக்கு வேர் பன்னிரண்டு அடி ஆழம் போனால் அதிகம், பக்கவாட்டில்தான் பரவுகிறது. ஆளாளுக்கு மிதித்தால் மண் இறுகிவிடும். அப்புறம் உள்ளே கரியாக வெந்து குகை போலக் கிடந்த ஒரு மரத்தைக் காட்டிச் சமாதானம் செய்தேன். மேலே பச்சைப்பசேலென்று இருக்கிறது! பட்டை ஓர் அடி கனம்கூட இருக்குமாம், பிசினும் அதிகம் இல்லாததால் தீ எளிதில் பிடிப்பதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கை வில்லியம் கென்டும் அவர் மனைவி எலிசபெத்தும் 1905-இல் 45,000 டாலருக்கு வாங்கினார்கள். அணை கட்ட ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டு நிலத்தைக் கேட்டதும், கென்ட் 295 ஏக்கரை அரசுக்கே கொடுத்துவிட்டார். 1908 ஜனவரியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். கென்ட் பெயரை வைக்கலாம் என்றபோது வேண்டாம், இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் பெயரே இருக்கட்டும் என்றாராம். பெரிய மனசுதான். ஆனால் அதே மனிதர் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகி ஆசியர்கள் குடியேறுவதை எதிர்த்தவர். அவர் காப்பாற்றிய நிழலில் நாங்கள் தமிழில் கத்திக்கொண்டு நடந்தோம், சரி.

உள்ளே பிக்னிக் கூடாது. புளிசாதம் கொண்டுபோனால் சில மைல் தள்ளியிருக்கும் மியூர் பீச்சில் மேஜைகள் இருக்கின்றன, காற்று மட்டும் பலமாக அடிக்கும்.