அண்ணனுக்காகப் பார்த்த கற்கள்

டிசம்பர் 11, வியாழன்

மாலை ஆறு மணிக்கு மாமல்லபுரம் வந்து சேர்ந்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அண்ணி போனில் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் அண்ணனே பேச்சைத் தொடங்கினார். "எனக்குப் பதிலாக நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல், பாப்பா" என்றார். கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும், படத்தில் கல் தட்டையாகிவிடும் என்று நிபந்தனையும் போட்டார். முதல் நாளுக்கு வான் இறைக் கல். ஊரே வெண்ணெய் உருண்டை என்று சொன்னாலும் அவர் வாயில் அந்தப் பெயர் வராது.

ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் உள்ள அந்தப் பாறை, சரிவின் நடுவில் மிகச் சிறிய அடிப்பரப்பை மட்டும் ஊன்றி நிற்கிறது. ஆர்தர் லாலி என்ற ஆளுநர் 1908-இல் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லை என்று இங்கே சொல்லாதவர் இல்லை. எனக்கு யானைக் கதையைவிடப் பாறையின் பின்பக்கம்தான் மனத்தில் நின்றது. முன்னால் உருண்டையாகத் தெரிவது, சுற்றிப் போய்ப் பார்த்தால் கத்தி வைத்து அறுத்ததுபோல ஒரு பகுதி இல்லாமல் இருக்கிறது. எந்த உளியும் படாமல், விரிசல் வழியாக நீரும் வெயிலும் புகுந்து விளிம்புகளை உதிர்த்து உதிர்த்தே அந்த உருண்டை உண்டாகியிருக்கிறது. இதைச் சொன்னதும் அண்ணன், "தட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பர் 13, சனி

இரவு முழுவதும் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் இரைச்சல். விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தபோது 88.

டிசம்பர் 15, திங்கள்

கடற்கரைக் கோயில். சூரியன் எழுந்து சிறிது நேரத்திலேயே போய்விட்டேன். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன்பு, கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய கோயில் இது. கிழக்கே கடலைப் பார்த்து ஒரு சிவன் சந்நிதியும் மேற்கே ஊரைப் பார்த்து இன்னொரு சிவன் சந்நிதியும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் பள்ளிகொண்ட பெருமாள் ஆதிசேடனும் இல்லாமல் வெறும் பாறைமேல் படுத்திருக்கிறார். அண்ணன் கேட்டது இவை எதையும் அல்ல. மதில்மேல் வரிசையாக இருக்கும் நந்திகளின் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் கேட்டார்.

முகம் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கொம்பு இருந்த இடத்தில் ஒரு மேடு, கண் இருந்த இடத்தில் ஒரு குழி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பனைவெல்லம் கரைந்ததுபோல ஒரு வழவழப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் ஈரமாகப் புகுந்து, வெயிலில் காய்ந்து படிகமாகிப் பருத்து, மேல்தோலை உள்ளிருந்தே நெட்டித் தள்ளுகிறது. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். உப்பை எடுப்பதற்காகத் தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பிக் காயவிட்டு உரித்தெடுப்பார்கள் என்று அண்ணன் சொன்னார். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு அதற்குள் ஏறிவிடுமாம். அவர் அதை நேரில் பார்த்திருக்கிறார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி மூச்செடுத்துக்கொண்டு அவர் இதை விவரித்தபோது, நான் அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. சாளுவன்குப்பம் போய்ப் புலிக்குகையைச் சுற்றியிருக்கும் யாளித் தலைகளை எண்ணினேன். பத்து என்று வந்து சொன்னேன். பதினொன்று, மறுபடியும் போ என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

எக்ஸ்ரே படத்தை இன்று சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் புரியாது என்று நினைத்துத்தான் எடுத்தேன். நுரையீரலின் மேல்பகுதியில், இரண்டு பக்கமும், அரிசிக் குருணையைச் சிதறவிட்டதுபோல வெண்மையான புள்ளிகள். மருத்துவர் விரல் வைத்துக் காட்டியதும் இவற்றைத்தான் என்று அண்ணி சொன்னார். கல்லில் இருக்கும் சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகி உள்ளே போனால், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு வடு கட்டிக்கொள்ளும், அந்த வடுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டியாகும். தூசு இருக்கும் இடத்தை விட்டு வந்த பிறகும் அது நிற்காமல் வளரக்கூடும் என்றும், அதை முழுவதுமாகக் குணமாக்க மருந்து இல்லை என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தையே இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவும் கல் வேலைதான் செய்தார். ஆனால் அப்பா காலத்தில் உளியும் சுத்தியலும்தான்; அடித்தால் சில்லு தெறிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாலையில் உளிகளை உலையில் காய்ச்சி அடித்து முனை வைப்பது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதுபோல அன்றாட வேலை. அண்ணன் தலையெடுத்த பிறகு பட்டறைகளுக்கு அறுக்கும் இயந்திரமும் கிரைண்டரும் வந்தன. பத்து நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு அடங்கும் என்று தெரிந்திருந்தும், அவர் கடைசியாக வேலை செய்த இடத்தில் உலர்வாகவே அறுக்கச் சொன்னார்கள்; ஈரத்தில் கோடு தெரியாது, வேலை தாமதமாகும் என்றார்கள். முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துண்டுதான் இருந்தது. மாலையில் வீடு திரும்பும்போது புருவம், காதுமடல், கண்ணிமை எல்லாம் வெளுத்து அவரே ஒரு சிலைபோல வந்து நிற்பார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அம்மாகூடச் சிரித்திருக்கிறாள்.

டிசம்பர் 20, சனி

பெருந்தவப் பாறைக்கு அனுப்பினார். ஏறத்தாழ 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு. சிற்பிகள் அந்தப் பிளவை ஒரு குறையாக எண்ணி மறைக்கவில்லை, அதையே ஆறாக்கி நாகர்களை அதில் நீந்தவிட்டார்கள். அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கியதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அண்ணனுக்கு அந்த வழக்கில் அக்கறை கிடையாது. அவருக்கு அந்த மான் வேண்டும்.

கீழ்ப்பகுதியில் இருக்கிறது அந்த மான். பின்னங்காலைத் தூக்கிக் குளம்பால் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. மேலே தேவர்களும் கின்னரர்களும் விரைந்து வந்துகொண்டிருக்க, இதற்கு மூக்கில் அரிப்பு, அவ்வளவுதான் அதன் உலகம். கழுத்து வளையும் இடத்தில் தோல் இழுபடுவதுகூடத் தெரிகிறது. பட்டறையில் சேர்ந்த புதிதில் அண்ணன் இந்த மானைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்து பழகினார். கழுத்து ஒடிந்துபோன ஏழெட்டு மான்கள் எங்கள் வீட்டுக் கொல்லையில் வெகுநாள் கிடந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கையை உயர்த்தி அந்தக் கழுத்தின் வளைவைக் காற்றில் வரைந்தார். கை நடுங்கவில்லை.

தட்டிப் பார்த்தாயா என்று இன்றும் கேட்டார். கம்பிவேலிக்கு அப்பால் இருப்பதை எப்படித் தட்டுவது? கல்லைத் தட்டினால் மணியோசை எழுந்தால் ஆண் கல், தாளம்போல மென்மையாக ஒலித்தால் பெண் கல், ஓசையே எழாவிட்டால் மூன்றாம் வகை என்று அப்பா எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். காதால் அறியாமல் கல்லில் கை வைக்கக் கூடாது என்பார்.

டிசம்பர் 22, திங்கள்

இன்று எங்கும் போகவில்லை. தெருவில் நான்கு பட்டறைகளில் கிரைண்டர் ஓடுகிறது. கதவைச் சாத்தினாலும் அந்தச் சத்தம் உள்ளே வருகிறது. உலகமெல்லாம் வந்து வியந்து பார்க்கும் இந்தக் கற்கள்மேல் எனக்கு இன்று ஒரு துளி மரியாதையும் இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

82. மாலையில் 90.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் கரையில் பூவும் பாலும் விட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2004-இல் இதே நாளில் அலை வருவதற்கு முன் கடல் உள்வாங்கியபோது, கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் பாறைகள் வரிசையாகத் தலைகாட்டியதை அண்ணன் பார்த்திருக்கிறார். பார்த்தவர் ஓடத் தோன்றாமல் நின்றிருந்தார். ஒரு மீனவர்தான் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாளுவன்குப்பத்தில் அந்த அலை மண்ணை அரித்துவிட்டுப் போனபோது எழுத்து வெட்டிய பாறை ஒன்று வெளிப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 2005-இல் தோண்டியவர்கள் ஒரு முருகன் கோயிலைக் கண்டார்கள். மேலே பல்லவர் காலக் கல் கட்டுமானம், அதற்கும் அடியில் சங்க காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கல் கோயில். வடக்கு நோக்கிய வாசல். முன்னால் கல்லால் ஆன வேல். பழைய கோயிலைக் கடல் கொந்தளித்து வந்து அழித்திருக்க வேண்டும் என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். கடல் கொண்டுபோனதைக் கடலே காட்டிக்கொடுத்த அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்றேன். செங்கற்கள் நம் காலத்துச் செங்கற்களைவிடப் பெரியவை, அகன்றவை. விளிம்புகள் மழுங்கியிருந்தாலும் வரிசை கலையாமல் இருக்கின்றன.

திரும்பும் வழியில் யாளித் தலைகளை மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

திருவக்கரை. விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வந்தேன். நடக்க முடிந்த நாட்களில் அண்ணன் இருமுறை போய்ப் பார்த்த இடம். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-இல் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கிறது. எந்த மரத்துக்கும் கிளையும் இல்லை, வேரும் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலுக்குள் புதைந்தவை என்பதற்கு அதைத்தான் சான்றாகச் சொல்கிறார்கள்.

ஓர் அடிமரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பட்டையின் வெடிப்பு, கணு, வெட்டுமுகத்தில் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விறகு என்று நினைத்துத் தூக்கப் போனால் கை ஏமாந்துபோகும். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் அறைக்குள்ளும் புகுந்து, மரம் மட்க மட்க அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, வடிவத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அறிவிப்புப் பலகையில் சிலிக்கா என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் எழுந்து போய் நிழலில் நின்றுகொண்டேன். அதற்கு மேல் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன், அந்தச் சொல்லைத் தவிர. அண்ணன் தானாகவே, "அதுவும் இதேதான் பாப்பா, பொறுமையாகச் செய்திருக்கிறது" என்றார்.

ஜனவரி 1, வியாழன்

அண்ணி அழுதார். நான் அழவில்லை.

ஜனவரி 3, சனி

பௌர்ணமி. மாலையில் வலையன்குட்டை ரதத்துக்குப் போனேன். பயணிகள் யாருமே இல்லை. மேலே விமானம் முழுவதுமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது, கீழே இறங்க இறங்க வேலை குறைந்து, அடியில் வெறும் பாறை. தனிப் பாறையைக் குடைபவர்கள் உச்சியிலிருந்துதான் இறங்கி வருவார்கள். சாரம் கட்ட வேண்டாம், நிற்கும் பாறையே சாரம். சில முடியாத குடைவரைகளில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாக ஆழக் கீறி, பிறகு ஒவ்வொரு கட்டமாக அடித்து உடைத்த முறையும் அப்படியே தெரியும். எதற்காக நிறுத்தினார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். அரசன் மாறியிருப்பான், கூலி நின்றிருக்கும் என்றெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சாப்பாட்டுக்குப் போயிருப்பான்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

வழியெல்லாம் பாறைகளில் வரிசையாக ஆப்புத் துளைகள். உள்ளங்கையில் பாதி அளவுக்கு நீள்சதுரமான குழிகள், ஒரே கோட்டில். பிளக்க நினைத்துத் துளையிட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து நிலா ஏறும்வரை இருந்தேன். துளைகளில் பனி கோத்திருந்தது.

ஜனவரி 5, திங்கள்

புலிக்குகை. இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை, ஒவ்வொரு தலைக்கும் ஒரு சிறுகல்லைக் கையில் எடுத்து ஒரு முறை. மூன்று முறையும் பதினொன்று. வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

ஜனவரி 7, புதன்

ஐந்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள். பதினொன்று, நீ சொன்னதுதான் சரி என்றேன். முகமூடிக்குள்ளிருந்து அவரால் பேச முடியவில்லை. கையை நகர்த்தி, கட்டிலின் இரும்புக் கம்பியை நகத்தால் இரண்டு முறை தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று செவிலியர் நினைத்தார். நாளை ஆப்புத் துளைக் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு வேலி இல்லை.

ஜனவரி 8, வியாழன்

அப்பாவின் சிறிய சுத்தியலைக் கொல்லையில் தேடி எடுத்தேன்.