வண்ணப்பெட்டியோடு சுங்கை சிப்புட் வரை

மலேசியாவில் கிள்ளானிலிருந்து பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வரை வண்டியில் போய், வழியில் கண்ணில் பட்டதை எல்லாம் நீர்வண்ணத்தில் வரைய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பிப்ரவரி கடைசியில்தான் கைகூடியது. நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் ஓரங்கட்ட முடியாது என்பதால் தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ என்று பழைய சாலையிலேயே போனேன்.

பிப்ரவரி என்று நாள் பார்த்ததே ரப்பர் மரத்துக்காகத்தான். இலை உதிர்க்கும் காலம் அது. உதிர்வதற்கு முன் இலைகள் செம்பு நிறமாகி, காட்டுக்குள் வெயில் விழும்போது அப்படி ஒரு அழகு! எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வருடம் முழுக்க ஒரே பச்சை. பேராவில் இப்போது சாலையோரம் பெரும்பாலும் செம்பனைதான். ரப்பரைத் தேடித்தான் போக வேண்டும்.

கொண்டுபோனது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், சின்ன வண்ணப்பெட்டி, இரண்டு தூரிகை. பீடோரில் ஒரு காப்பிக்கடை அஞ்சடியில் (கடைமுன் நடைபாதை) உட்கார்ந்து எதிர்வரிசைக் கடைகளை வரைந்துகொண்டிருந்தேன். தாள் மடியில் வளைந்து வளைந்து போவதைக் கடைக்காரத் தவுக்கே பார்த்திருக்கிறார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய நாள்காட்டியின் தடித்த அட்டையைக் கிழித்து வந்து தாளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் எல்லாப் படமும் அந்த அட்டையின் மேல்தான்.

சுங்கை சிப்புட்டில் தங்கியது எனக்கு நல்லதாயிற்று. விடிகாலையில் பனி இறங்கி முதல் பூச்சு காயவே காயாது. பத்து மணிக்கு மேல் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். இடையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் வேலைக்கு ஆகும். அதற்கு அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

காலையில் பசியாறப் போன ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவராம். பேச்சு, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பக்கம் போனது. சுங்கை சிப்புட்காரர் ஆயிற்றே. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் போய் நின்றவர்களுக்காக அவர் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். "எங்கப்பா சம்பளத்துல பத்து வெள்ளி எடுத்து வைப்பாரு தம்பி. அம்மா சண்டை போடும்" என்றார் பெரியவர். பேசிக்கொண்டே என் படத்தைப் பார்த்தவர், "லயம் வரையணும்னா என்கூட வா" என்று மோட்டாரில் முன்னால் போனார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். நான் காரில் பின்னாலேயே போனேன். என் தேத்தண்ணிக்கும் அவரே காசு கொடுத்திருந்தார்.

டவுனுக்கு வெளியே, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பழைய லயம் ஒரு வரிசை மட்டும் மிச்சம். துருப்பிடித்த தகரக் கூரைக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து சாம்பல் பூசி, ஈரம் இருக்கும்போதே தனி சியன்னாவைச் சொட்டுவிட்டேன். துரு தானாகப் பரவியது. இதுவரை நான் வரைந்த கூரைகளில் இதுதான் சரியாக வந்தது.

அங்கே இருந்த பாட்டி ஒருவர் முக்காலி கொண்டுவந்து போட்டார். தூரிகை கழுவும் தண்ணீர் கலங்கியதும் மைலோ டின்னில் புதுத் தண்ணீர் வைத்தார், நான் கேட்காமலேயே. இளவயதிலிருந்து பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அடுத்து மரம்தான் வரையப் போகிறேன் என்றதும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். இலை உதிரும் நேரம் பால் குறைந்துவிடும் என்பதால் வெட்டு நிறுத்தி, பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"இங்க பாரு தம்பி, இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. இப்படித்தான் உளி இறங்கணும்." என் விரலைப் பிடித்துப் பழைய வெட்டின் மேல் சாய்வாக இழுத்துக் காட்டினார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. வெட்டு எதிர்ச்சாய்வாக இறங்கினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வரும். இருட்டிலேயே வேலை தொடங்குவதும் பாலுக்காகத்தான். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளர்ந்து மூடியிருந்தது. அது வழவழப்பாக, பழைய பட்டையைவிட வெளிர் நிறமாக இருந்தது. விரல் வைத்துப் பார்த்திராவிட்டால் முழு மரத்துக்கும் ஒரே பழுப்பைத்தான் பூசியிருப்பேன்.

திரும்பும் முன் பக்கத்து ஊரான கோலகங்சாருக்கும் ஓர் எட்டு போனேன். 1877-ல் நட்டவற்றில் மிஞ்சிய ரப்பர் மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பென்சில் படம் மட்டும் போட்டேன். வெயில் தாங்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை: செம்பு இலை இன்னும் சரியாக வரவில்லை. சிவப்பும் பச்சையும் தாளில் கலந்து மண் நிறமாகிவிடுகின்றன. அடுத்த முறை முதல் பூச்சை முழுக்கக் காயவிட்டு மேலே ஏற்றிப் பார்க்கப் போகிறேன். லயத்துப் படத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டாகிவிட்டது. தபாலில் அனுப்பலாம் என்று முகவரி கேட்டதற்குப் பாட்டி, "கோயிலுக்குப் பின்னாடின்னு சொன்னா யாரும் காட்டுவாங்க, நீயே கொண்டு வா, சோறு ஆக்கி வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறைக்கு முன்னால் போகலாம் என்றிருக்கிறேன்.