எடுத்தாச்சு

நவம்பர் 4
அம்மாவின் போனில் மாத்திரை ஆப் போட்டுக்கொடுத்தேன். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் காலை 8, இரவு 8. மணி அடித்ததும் ‘எடுத்தாச்சு’ என்பதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இன்றிரவே தொட்டுவிட்டாள்.

நவம்பர் 6
மழை.

நவம்பர் 9
எல்லா வேளையும் பச்சை டிக். அண்ணனுக்கு ஸ்கிரீன்ஷாட்கூட அனுப்பிவிட்டேன். மத்தியானம் எதற்கோ டப்பாவைத் திறந்தால், காலியாகியிருக்க வேண்டிய பத்து மாத்திரைப் பட்டையில் ஆறு அப்படியே இருக்கிறது.

“அடிச்சுக்கிட்டே இருக்கு, நிறுத்த வேணாமா?” என்கிறாள். சத்தம் போட்டேன். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள், போட்டால் வயிறு கலக்குகிறதாம். பூஜை முடிந்து அவள் டிபன் சாப்பிடவே ஒன்பதரை ஆகும். எட்டு மணி வைத்தது யார்? நான்தான். அரசின் ஆன்லைன் டாக்டர் சேவையான இ-சஞ்சீவனியில் டோக்கன் போட்டுக் காத்திருந்தேன். டாக்டர் பேசியது இரண்டே நிமிஷம்: வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள்.

நவம்பர் 10
அம்மாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? என் போனிலும் மனநிலை ஆப்பில் ராத்திரி ஐந்து முகங்கள் வந்து ‘இன்று எப்படி?’ என்று கேட்கின்றன. தினமும் நடு முகத்தைத் தொட்டுவிட்டுக் கவிழ்த்துவைக்கிறேன். இன்று முதல்முறையாக அதிலிருக்கும் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளுக்கும் உண்மையைச் சொன்னேன். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, எதிலும் நாட்டமின்மை என்று போகிறது. மொத்தம் 27க்கு 13. 10 முதல் 14 வரை மிதமான மனச்சோர்வாம்.

மிதமான மழை என்றுதான் வானிலையிலும் சொல்கிறார்கள். அதற்கே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

நவம்பர் 12
14416. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அம்மா பார்த்துவிடப் போகிறாளே என்று ‘கேஸ் ஏஜென்சி’ என்று சேமித்தேன். போன் பண்ணவில்லை.

நவம்பர் 15
ராத்திரி ஒரு மணிக்குப் பண்ணினேன். 22 நிமிஷம். அந்தப் பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து தூக்கம் இல்லை என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லி முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. திரும்பவும் பண்ணலாம் என்றார். நடு முகத்தைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற அழுமூஞ்சி.

நவம்பர் 16
அம்மா காலை மாத்திரையை இட்லியோடு, என் கண் முன்னால் போட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு, “ராத்திரி ஒரு மணிக்கு கேஸ் ஏஜென்சியில யார் எடுப்பாங்க? சிலிண்டர் வந்தே பத்து நாள்தானே ஆகுது” என்றாள்.